பிணைக் கையெழுத்தை எங்கே போடுகிறீர்கள்?

பொங்கல் மேடைக்கு வந்துபோகும் எம்.பி.க்களுக்கு,

வணக்கம்.

இந்தத் தைப்பொங்கலுக்கும் சிட்னியில் எங்கள் மண்டபத்துக்கு வந்திருந்தீர்கள். குத்துவிளக்கில் ஒரு திரியை உங்களுக்கென்று ஏற்றாமல் விட்டுவைத்திருந்தோம். பொன்னாடை போர்த்தினோம். ‘வணக்கம்’ என்று தொடங்கினீர்கள், கைதட்டினோம். ஆளும் லேபர் கட்சிக்காரர் ஐந்து வீத முற்பணத் திட்டத்தைப் பற்றி, அதாவது முதல் வீடு வாங்குபவர் விலையில் ஐந்து வீதம் வைத்தால் போதும், வங்கிக்கு அரசு பிணை நிற்கும் என்ற திட்டத்தைப் பற்றிப் பேசினார். லிபரல் கட்சிக்காரர் அந்தத் திட்டம் வீட்டு விலையை ஏற்றிவிடுகிறது என்றார். இரண்டு பேருக்கும் ஒரே அளவு கைதட்டல்தான் கிடைத்தது. நாங்கள் அப்படித்தான், மேடைக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பமாட்டோம்.

நான் மூன்றாவது வரிசையில், சாப்பாட்டுக் கூப்பன் விற்கும் மேசைக்குப் பக்கத்தில் இருந்தேன். கேள்வி நேரம் என்று ஒன்று இல்லை. அடுத்தது சின்னப் பிள்ளைகளின் கும்மி. அதனால் கேட்க நினைத்ததை எழுதுகிறேன். ஆங்கிலப் பிரதி உங்கள் அலுவலகங்களுக்குத் தனியாக வரும். தமிழில் முதலில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. இதில் பாதி எங்கள் ஆட்களுக்குச் சொல்லவேண்டியது.

என் தங்கையின் மகன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்றே பகுதியில் வேலை செய்கிறான். மனைவி பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில். கலியாணம் முடித்து நாலு வருடமாக வென்ற்வேர்த்வில்லில் ஒரு இரண்டு அறை யூனிட்டில் வாடகைக்கு இருக்கிறார்கள். சீட்டுக் காசு, இரவு வேலைப் படி எல்லாம் சேர்த்து அறுபதாயிரம் டொலர் வைத்திருக்கிறார்கள். 2025 ஒக்டோபரில் திட்டம் பெரிதாக்கப்பட்டதும் பெடியனுக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. “மாமா, இனி இடம் முடிஞ்சுது எண்டு சொல்ல ஏலாது, எல்லாருக்கும் குடுக்கிறாங்கள்” என்றான். அந்தக் கடைசிச் சொல்லில்தான் வில்லங்கம் இருந்தது. எனக்கும் அப்போது ஓடவில்லை.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை அவர்களோடு நானும் ஏலத்துக்குப் போனேன். டூங்காபியில் ஒரு டவுன்ஹவுஸ். மூன்று அறை, பின்னால் ஒரு கறிவேப்பிலைக் கன்று நடுமளவுக்கு நிலம். ஏஜென்ட் கொடுத்த உத்தேச விலை 850,000 முதல் 890,000 வரை. வாசலில் கார் நிறுத்த இடமில்லை. புல்லில் நின்ற கூட்டத்தில் குழந்தை வண்டியோடு வந்தவர்களே ஏழெட்டுப் பேர். விளம்பரத்தில், வீட்டின் படத்துக்கு மேலேயே, முதல் வீட்டுக்காரருக்குச் சிறு முற்பணம் போதும் என்று சிவப்பில் போட்டிருந்தார்கள். ஏலம் 860-இல் தொடங்கியது. 895-இல் என் மருமகள் கணவனின் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டாள். வங்கி சொன்ன எல்லை அதுதான். வீடு 941,000-க்குப் போனது.

வாங்கியவர்களும் இளம் சோடிதான், முகத்தில் நல்ல சந்தோசம். பிறகு தெருவில் நின்று கதைத்தபோது தெரிந்தது: அவர் மென்பொருள், அவ வக்கீல், இருவருக்கும் நல்ல சம்பளம். அவர்களும் இதே ஐந்து வீதத் திட்டத்தில்தான் வந்திருந்தார்கள். அவர்கள் செய்ததில் ஒரு பிழையும் இல்லை. 2025 ஒக்டோபர் 1 வரைக்கும் சோடியாக வருகிறவர்களின் வருமானம் 200,000 டொலரைத் தாண்டினால் இந்தத் திட்டத்தில் இடமில்லை. அன்றைக்கு அந்த வரம்பை எடுத்துவிட்டீர்கள். ஆண்டுக்கு இத்தனை பேருக்குத்தான் என்ற கணக்கையும் எடுத்துவிட்டீர்கள். சிட்னிக்கான வீட்டு விலை வரம்பை 900,000-இலிருந்து 15 இலட்சத்துக்கு உயர்த்தினீர்கள். என் மருமகனுக்கு முன்பும் தகுதி இருந்தது. வருமானம் உள்ளே, விலையும் விளிம்பில் உள்ளே. ஆண்டுக்கு 35,000 பேர் என்ற வரிசையில் நிற்கவேண்டும், அவ்வளவுதான். இப்போது வரிசை இல்லை. வரிசையில் நிற்கத் தேவையே இல்லாதவர்களும் அவனோடு ஒரே புல்லில் நிற்கிறார்கள்.

இதை மேடையில் யாரும் சொல்லவில்லை.

பிணை என்றால் என்ன என்று எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். என் அப்பா யாழ்ப்பாணத்து வடமராட்சியில் பள்ளிக்கூட வாத்தியார். அந்தக் காலத்தில் ஊரில் ஒருவர் வங்கியில் கடன் எடுப்பதென்றால் அரச உத்தியோகத்தர் இரண்டு பேர் பிணை நிற்கவேண்டும். வாத்தியார் வீட்டுப் படலை அதனால் அடிக்கடி திறக்கும். சக ஆசிரியர் ஒருவர் வீடு கட்டக் கடன் எடுத்தார். அப்பா கையெழுத்துப் போட்டார். அத்திவாரம் போட்டு, சுவர் ஆளுயரத்துக்கு வந்தபிறகு அந்த மனிதர் கொழும்புக்குப் போய், அங்கிருந்து எங்கோ போய்விட்டார். மூன்று வருடம் அப்பாவின் சம்பளத்தில் வெட்டு. அந்த ஆளுயரச் சுவரைத் தாண்டித்தான் நான் தினமும் பள்ளிக்கூடம் போவேன்; உள்ளே எருக்கலை முளைத்திருந்தது. அதன்பிறகு படலை திறந்தால் அப்பா தேத்தண்ணி கொடுத்து ஒன்றைத்தான் கேட்பார்: “சம்பளச் சீட்டைக் கொண்டந்தனியோ?”

உங்கள் திட்டமும் அதே பிணைதான். 900,000 டொலர் வீட்டுக்கு ஐந்து வீதம் 45,000. மிச்சம் 855,000 வங்கிக் கடன். இருபது வீத முற்பணம் இல்லாதவரிடம் வங்கி ஒரு காப்புறுதி கேட்கும். பத்தாயிரக் கணக்கில் போகும் அந்தச் செலவு. அதற்குப் பதிலாக அரசு பதினைந்து வீதத்துக்கு, அதாவது 135,000 டொலர் வரைக்கும், கையெழுத்துப் போடுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கையெழுத்து யாருக்கு? வங்கிக்கு. கடன் கட்ட முடியாமல் வீடு விற்கப்பட்டு, காசு குறைந்தால் வங்கிக்கு நட்டம் வராது. வாங்கியவன் தலையில் 855,000 அப்படியே இருக்கும். எங்கள் ஆட்களில் பலர் ‘அரசாங்கம் பதினைந்து வீதம் தருகிறது’ என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கோயில் வாசலில் இரண்டு பேரைத் திருத்தியிருக்கிறேன். ஒரு சதமும் தருவதில்லை.

வட்டி ஆறு வீதம், முப்பது வருடம் என்று வைத்துக்கொண்டு நான் கணக்குப் பார்த்தேன். இருபது வீத முற்பணம் வைத்தவர் மாதம் சுமார் 4,317 கட்டுகிறார். ஐந்து வீதக்காரர் 5,126. முப்பது வருடத்தில் ஐந்து வீதக்காரர் கட்டும் கூடுதல் வட்டி மட்டும் கிட்டத்தட்ட 156,000 டொலர். சரி, இருபது வீதம் சேர்க்கும்வரை கட்டுகிற வாடகையையும் கணக்கில் எடுக்கவேண்டும், அதற்குள் விலை ஏறும் என்பதையும் எடுக்கவேண்டும். எடுத்தாலும் இது சின்னத் தொகை அல்ல. ரிசர்வ் வங்கி மூன்று முறை இறக்கி, 2025 ஓகஸ்டில் 3.60 வீதத்துக்குக் கொண்டுவந்த வட்டியை 2026 பெப்ரவரி தொடக்கத்தில் திரும்ப 3.85-க்கு ஏற்றியது. கால் வீதம்தான். 855,000 கடன் உள்ளவருக்கு அது மாதம் சுமார் 140 டொலர். 2022 மேயிலிருந்து 2023 நவம்பர் வரை பதின்மூன்று தடவை ஏற்றினார்களே, அதை மறந்துவிட்டோமா? 2021-இல் வாங்கிய என் நண்பர் ஒருவர் அந்த ஒன்றரை வருடமும் பகல் வேலை முடிந்து இரவில் ஊபர் ஓடினார்.

இப்போது லிபரல் கட்சிக்காரரிடம் வருகிறேன், உங்களை விடமாட்டேன். இந்தத் திட்டத்தைப் பெற்றவர்களே நீங்கள்தான். 2019 மே, தேர்தலுக்கு ஆறு நாள் இருக்கையில் உங்கள் பிரதமர் ஸ்கொட் மொரிசன் இதை அறிவித்தார். சில மணி நேரத்துக்குள் லேபர் ‘நாங்களும் செய்வோம்’ என்றது. 2020 ஜனவரியில் ஆண்டுக்குப் பத்தாயிரம் பேர் என்று தொடங்கியது. பிறகு நடந்தது, நீங்கள் பெற்ற பிள்ளையை அவர்கள் தத்தெடுத்துத் தடித்த ஆளாக வளர்த்துவிட்டதுதான். 2025 ஏப்ரல் 13, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு கட்சியும் பிரசாரத்தைத் தொடக்கிவைத்தன. பேர்த்தில் பிரதமர் இந்தப் பிணையை எல்லோருக்கும் என்றார். இங்கே மேற்கு சிட்னியில் அப்போது உங்கள் தலைவராக இருந்த பீற்றர் டட்டன், புது வீடு வாங்குபவர் கடனின் முதல் 650,000 டொலருக்கான வட்டியை ஐந்து வருடம் வரியில் கழிக்கலாம் என்றார். அதற்கு மேல், ஓய்வூதியச் சேமிப்பிலிருந்து 50,000 வரை எடுக்கலாம் என்பது உங்கள் பழைய பாட்டு. வட்டிக் கழிவு புது வீட்டுக்கு மட்டும் என்பதில் கொஞ்சம் நியாயம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஓய்வூதியக் காசை எடுத்துக்கொண்டு வருகிறவனும் அதே டூங்காபிப் புல்லில்தான் வந்து நிற்பான்.

இது இன்று நேற்று வந்த பழக்கமும் இல்லை. 1964-இல் மென்சீஸ் அரசு வீட்டுச் சேமிப்புக்கு உதவித்தொகை கொடுத்தது. 2000-இல் ஜீஎஸ்டி வரி வந்தபோது முதல் வீடு வாங்குபவருக்கு 7,000 டொலர். 2008 உலக நெருக்கடியில் அதை இரட்டிப்பாக்கி, புது வீட்டுக்கு 21,000 ஆக்கினார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் 2009-இல் அந்தப் பணம் கைக்கு வந்த கதையைச் சொல்லும்போது, “ஏஜென்ட் என்னட்ட கேட்ட முதல் கேள்வியே கிராண்ட் கிடைக்குமா எண்டுதான்” என்பார்.

இந்தத் திட்டத்தால் விலை எவ்வளவு ஏறும் என்பதில் பெரிய சண்டை. கருவூலத் திணைக்களம், ஆறு வருடத்தில் 0.5 முதல் 0.6 வீதம்தான் என்கிறது. காப்புறுதி நிறுவனங்களின் சங்கம் எழுதுவித்த ஆய்வு அதைவிடப் பல மடங்கு சொல்கிறது. அந்தச் சங்கத்தின் ஆட்கள்தான் இந்தத் திட்டத்தால் வியாபாரம் இழப்பவர்கள் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். வட்டி இறங்கிய அதே வருடத்தில் திட்டமும் பெரிதானதால், டூங்காபியில் 890 எப்படி 941 ஆனது என்பதில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. நான் பொருளாதாரம் படித்தவன் இல்லை, முப்பது வருடம் தபால் பிரித்தவன். ஒன்றுமட்டும் தெரியும். அந்தச் சனிக்கிழமை விற்பனைக்கு இருந்தது ஒரு டவுன்ஹவுஸ். பிணை பெற்று வந்தவர்கள் பத்துச் சோடி. பதினோராவது சோடிக்கும் பிணை கொடுத்திருந்தாலும் அந்தத் தெருவில் இரண்டாவது டவுன்ஹவுஸ் முளைத்திருக்காது.

அதற்காகத் திட்டத்தை மூடுங்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. சொந்த வீடுள்ள அப்பா அம்மா இருக்கும் பிள்ளைகளுக்கு இந்த நாட்டில் எப்போதும் ஒரு பிணை இருக்கிறது. பெற்றோர் தங்கள் வீட்டை ஈடுவைத்துக் கொடுப்பார்கள். அது இல்லாதவர்கள் யார்? படகில் வந்து பத்து வருடம் தற்காலிக விசாவில் இருந்து, 2023-இல்தான் நிரந்தர வதிவிடம் பெற்றவர்கள். அந்த அறிவிப்பு வந்தபோது சுமார் 19,000 பேருக்கு வழி திறந்தது, எங்கள் ஆட்களும் அதில் நிறைய. அதே வருடம் ஜூலையில் நிரந்தர வதிவாளரும் இந்தப் பிணையைக் கேட்கலாம் என்று மாற்றினீர்கள். அது நல்ல காரியம், லேபர்காரருக்கு அதற்கு ஒரு தனிக் கைதட்டல். நாற்பத்தைந்து வயதில், பின்னால் ஒருவருமில்லாமல் தொடங்குகிற ஒருவருக்கு, தனியே பிள்ளை வளர்க்கும் ஒரு தாய்க்கு, இந்தக் கையெழுத்து உண்மையிலேயே ஒரு கதவு. அவர்களுக்காக வைத்த கதவை இரண்டு பெரிய சம்பளத்துக்கும் அகலத் திறந்ததுதான் எனக்குக் கோபம். வருமான வரம்பைத் திரும்ப வையுங்கள். அப்பா கேட்டதுபோல் சம்பளச் சீட்டைக் கேளுங்கள். அவர் சம்பளம் போதுமா என்று பார்த்தார், நீங்கள் சம்பளம் கூடிப்போயிற்றா என்றும் பாருங்கள்.

இனி வீடு கட்டுகிற கதை.

2024 ஜூலை 1 முதல் ஐந்து வருடத்தில் 12 இலட்சம் வீடு என்று கன்பராவில் உள்ள மத்திய அரசும் மாநிலங்களும் ஒப்பந்தம் போட்டன. வருடத்துக்கு 240,000. முதல் வருடம் கட்டி முடிந்தது சுமார் 174,000. அரசே நியமித்த வீடமைப்புச் சபை 2025 மேயில் வெளியிட்ட அறிக்கையில், ஐந்து வருடத்துக்கு 938,000 தான் தேறும், 262,000 குறையும் என்று கணித்தது. ஏன் குறைகிறது என்பதற்கு மேடையில் ஆளுக்கொரு பதில் சொன்னீர்கள். ஒருவர் குடியேற்றம் என்றார், எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு. மற்றவர் முந்தைய அரசு என்றார்.

எங்கள் பக்கத்தில் டைல் பதிக்கிற, ஜிப்ரொக் சுவர்ப் பலகை அடிக்கிற பெடியள் நிறையப் பேர். அவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். ஒரு வீட்டில் குளியலறைக்கு டைல் போடப் போனால் குழாய் வேலைக்காரர் இன்னும் வரவில்லை, திரும்பி வருவார்கள். அடுத்த கிழமை போனால் கவுன்சில் பார்வையிட வரவேண்டும், திரும்பவும் வருவார்கள். நடுவில் கட்டுகிற கம்பனி கைவிரித்துவிட்டால் இரண்டு மாதக் காசு போச்சு. 2023-24 நிதியாண்டில் மட்டும் கட்டுமானத் துறையில் கிட்டத்தட்ட 3,000 கம்பனிகள் முறிந்தன. உற்பத்தித்திறன் ஆணைக்குழு 2025 பெப்ரவரியில் சொன்னது இன்னும் மோசம்: ஒரு மணி நேர உழைப்புக்குக் கட்டப்படும் வீடுகளின் எண்ணிக்கை முப்பது வருடத்துக்கு முன்பிருந்ததில் பாதிக்கும் குறைவு. அந்தப் பெடியளில் சிலர் இன்னும், முடிவு வரும்வரை தரப்படும் பிரிட்ஜிங் விசாவில் இருக்கிறார்கள். கட்டுகிற கை அவர்களுடையது. பிணை கேட்க அவர்களால் முடியாது, குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ வேண்டும்.

இந்த இடத்தில் நான் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும்.

நான் பெண்டில்ஹில்லில் 1996-இல் ஒரு ஃபைப்ரோ வீடு, சிமெந்துத் தகட்டுச் சுவர் வீடு, வாங்கினேன். மூன்று சீட்டு சேர்த்துக் கழித்து எடுத்த காசு, மனைவியின் தாலிக்கொடி தவிர்ந்த நகை, மிச்சம் வங்கி. 168,000 டொலர். அதற்குமுன் ஹோம்புஷில் ஒரு யூனிட்டில் எட்டுப் பேர் இருந்தோம். அப்போது வந்த எங்கள் ஆட்கள் முக்கால்வாசிப்பேர் அங்கேதான் தொடங்கி, பிறகு ரயில் பாதையோடு மேற்கே வந்தவர்கள். இரண்டு வருடத்துக்கு முன், எங்கள் தெரு மூலையில் உள்ள வளவில் நாலு மாடித் தொடர்மாடி கட்ட ஒருவர் விண்ணப்பம் போட்டார். ரயில் நிலையத்துக்கு ஏழு நிமிட நடை. பின்வீட்டு அண்ணை ஒரு கடிதத்தோடு வந்தார். கார் நிறுத்த இடம் போய்விடும், வெயில் மறையும், பள்ளிக்கூடம் நிரம்பும், ‘எங்கட ஏரியாவின்ர அழகு’ கெடும் என்று ஆறேழு வரி. கோயிலால் வந்த கையோடு, விபூதி காயமுன், கையெழுத்துப் போட்டேன். முப்பத்தெட்டுக் கையெழுத்து. அதில் பாதிக்கு மேல் தமிழ்ப் பெயர்கள்.

விண்ணப்பத்தைத் திருத்தச் சொன்னார்கள், திருத்தினார்கள், ஒரு வருடம் இழுபட்டது. அனுமதி கிடைத்தபோது கட்டும் செலவு ஏறி, கட்டுகிறவரின் வங்கி பின்வாங்கிவிட்டது. இன்றைக்கும் அந்த வளவில் கதவில்லாத பழைய வீடும் கம்பி வேலியும்தான். டூங்காபி ஏலத்தில் தோற்றுத் திரும்பி வரும்போது மருமகன் அந்த மூலையில் காரை மெதுவாக்கி, “இது ஏன் மாமா இப்பிடிக் கிடக்குது?” என்று கேட்டான். அதில் பதினாறு யூனிட் வந்திருக்கும். நான் றேடியோச் சத்தத்தைக் கூட்டினேன்.

ஆகவே எங்கள் ஆட்களுக்கு: பிள்ளைக்கு வீடு வேண்டும் என்று அர்ச்சனை செய்துவிட்டு, வாசலில் வந்து வீடு கட்டாதே என்று கையெழுத்து வைக்கிறோம். மாநில அரசு 2025 பெப்ரவரி முதல் 171 நகர் மையங்களையும் ரயில் நிலையங்களையும் சுற்றி 800 மீற்றருக்குள் இரட்டை வீடுகளும் சிறு தொடர்மாடிகளும் கட்ட விதிகளைத் தளர்த்தியிருக்கிறது. வட்சப்பில் அதற்கு எதிராக வருகிற தகவலைப் பத்துப் பேருக்கு அனுப்பமுன், உங்கள் மகனோ மகளோ எந்தச் சனிக்கிழமை எந்தப் புல்லில் நிற்கிறார்கள் என்று ஒருமுறை கேளுங்கள்.

எம்.பி.க்களே, இப்போது உங்களிடம் திரும்புகிறேன். அந்த மூலை வளவு ஏன் கிடக்கிறது? அனுமதி இருக்கிறது. வாங்க ஆள் இருக்கிறது. இல்லாதது ஒன்றுதான். தொடர்மாடி கட்டக் கடன் கொடுக்கும் வங்கி, முதலில் இத்தனை யூனிட்டை விற்றுக் காட்டு என்று கேட்கும். வரைபடத்தை மட்டும் பார்த்து வீடு வாங்க எங்கள் ஆட்கள் பயப்படுகிறார்கள். சுவர் வெடித்த கட்டடங்களை டிவியில் பார்த்தவர்கள் வேறென்ன செய்வார்கள்? விற்காததால் கடன் இல்லை, கடன் இல்லாததால் கட்டடம் இல்லை. ஊரில் ஆளுயரத்தில் நின்ற சுவராவது இருந்தது, இங்கே அதுவும் இல்லை.

பிணை வேண்டிய இடம் இதுதான். நியூ சவுத் வேல்ஸ் அரசு 2025 ஜூன் வரவுசெலவுத் திட்டத்தில் இதைத் தொட்டது. அனுமதி பெற்ற திட்டங்களில் பாதி வீடுகள் வரைக்கும், விற்காவிட்டால் நாங்கள் வாங்குகிறோம் என்று அரசு பிணை நிற்கும். ஒரு பில்லியன் டொலர் ஒதுக்கீடு, ஐந்து வருடத்தில் 5,000 வீடுகளுக்கு. விற்றால் அரசுக்குச் செலவில்லை, பிணை அடுத்த கட்டடத்துக்குப் போகும். விற்காவிட்டால் அரசின் கையில் வீடு இருக்கும், அதை வாடகைக்கு விடலாம். அப்பாவின் கதையில் கையெழுத்துப் போட்டவருக்கு மிஞ்சியது சம்பள வெட்டு. இங்கே மிஞ்சுவது வீடு.

5,000 என்பது 377,000 வீடு கட்டவேண்டிய மாநிலத்துக்குக் காணாது. கன்பராவில் வரம்பேயில்லாமல் கையெழுத்துப் போட ஹவுசிங் அவுஸ்திரேலியா என்ற நிறுவனம் உங்களிடம் இருக்கிறது. அதே நிறுவனம்தான் இலாபநோக்கில்லாத வீடமைப்புச் சங்கங்களுக்காக அரச பிணையோடு கடன்பத்திரம் வெளியிட்டு, குறைந்த வட்டியில் நீண்ட காலக் கடனும் கொடுக்கிறது. வாங்குகிறவனுக்கு எண்ணிக்கை இல்லை என்று சொல்ல முடிந்த கை, கட்டுகிறவருக்கு மட்டும் ஏன் எண்ணி எண்ணிக் கொடுக்கிறது? முதல் வீட்டுக்காரருக்கு மட்டும் விற்க 100,000 வீடு கட்டப் பத்து பில்லியன் என்று தேர்தலில் சொன்னீர்கள். அந்தப் பத்து பில்லியனைத்தான் நான் மேடையில் கேட்கக் காத்திருந்தேன். ஐந்து வீதத்துக்குப் பன்னிரண்டு நிமிடம் பேசினீர்கள். அதற்கு அரை நிமிடம்.

அரசே கட்டி வாடகைக்கு விடும் பொது வீடுகளைப் பற்றி இருவருமே மூச்சுவிடவில்லை. மவுண்ட் ட்ரூயிட், கிரீன் வலி போன்ற ஊர்களையே அரசு ஒரு காலத்தில் கட்டி எழுப்பியது. என்னோடு தபால் பிரித்தவர்களில் பலர் அங்கே வளர்ந்தவர்கள். இன்று நாட்டின் மொத்த வீடுகளில் நூற்றுக்கு நாலு வீடுதான் சமூக வீடு. அப்படியான வீடுகளுக்கென்று வைத்த இன்னொரு பத்து பில்லியன் வீடமைப்பு நிதியை மாதக்கணக்கில் செனற்றில் இழுத்து 2023 செப்டெம்பரில்தான் நிறைவேற்றினீர்கள். ஒரு கட்சி போதாது என்று தடுத்தது, மற்றது வேண்டாம் என்று தடுத்தது.

இன்னொன்று. 2024 கடைசியில் வீடமைப்பு அமைச்சர் கிளேர் ஓ’நீல் ஒரு இளைஞர் வானொலியில் பேசும்போது, வீட்டு விலையை இறக்குவது அரசின் நோக்கம் இல்லை, நிதானமாக ஏறவேண்டும் என்றுதான் விரும்புகிறோம் என்று சொன்னார். பலர் திட்டினார்கள். எனக்கு என்னவோ அவர் ஒருவர்தான் உள்ளதைச் சொன்னதுபோல இருந்தது. என்னுடைய 168,000 டொலர் வீடு இன்று பத்து இலட்சத்துக்கு மேல். விலை இறங்கினால் எனக்கும் நோகும், என்னைப் போன்றவர்கள்தான் உங்கள் தொகுதியில் அதிகம். ஆனால் சம்பளத்தைவிட வேகமாக ஏறாமல் பத்து வருடம் அப்படியே நின்றால்? அதற்கு நான் வாக்குப் போடுவேன். அதை மேடையில் சொல்லிப் பாருங்கள், கைதட்டல் குறைகிறதா என்று பார்ப்போம். நான் தட்டுவேன்.

எனக்குத் தெரிந்ததை நானும் செய்திருக்கிறேன். மூலை வளவுக்காரர் போன மாதம் ஒரு மாடியைக் குறைத்துப் புதிதாக விண்ணப்பம் போட்டிருக்கிறார். பழைய கடிதத்தில் இருந்த என் கையெழுத்தை எடுத்துவிடுமாறும், இந்த முறை எனக்கு ஆட்சேபம் இல்லை என்றும் கவுன்சிலுக்கு எழுதினேன். ‘உங்கள் கருத்து பதிவுசெய்யப்பட்டது’ என்று கணினிப் பதில் வந்தது. பின்வீட்டு அண்ணை இரண்டு கிழமையாக என்னோடு பேசவில்லை. அவருடைய மகள் கலியாணம் முடித்து மேலே அறையில்தான் இருக்கிறாள், அதனால் பேசுவார் என்று நினைக்கிறேன்.

மருமகன் வருகிற சனிக்கிழமை செவன் ஹில்ஸில் ஒரு வீடு பார்க்கப் போகிறான். உத்தேச விலை 870.

அடுத்த பொங்கலுக்கும் கட்டாயம் வாருங்கள். பொன்னாடை உண்டு. விளக்கேற்றி முடிந்ததும் பத்து நிமிடம் எனக்குத் தாருங்கள், அந்த மூலை வளவுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். நடக்கிற தூரம்தான். மழை பெய்திருந்தால் வேலியோரம் சேறாக இருக்கும், சப்பாத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மூன்றாவது வரிசையில், கூப்பன் மேசைக்குப் பக்கத்தில் இருந்தவன்
பெண்டில்ஹில், சிட்னி